போற்றுதலும் சமமாக மதித்தலும்

பெண்ணை இழிவாக நடத்தலாகாது என்பதை எல்லாச் சமயங்களும் ஏற்கின்றன. அவளைத் தாயென வணங்க வேண்டும், துன்பத்தில் காக்க வேண்டும் என்றும் அவை போதிக்கின்றன. ஆயினும் வணங்குபவரும் காப்பவரும் ஒரு கேள்வியைச் சந்திக்காமலேயே வாழ்ந்துவிட முடியும்: ‘அவளது தீர்மானத்திற்குக் கட்டுப்பட நான் தயாரா?’ சமமாக மதிப்பது என்பது இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

தில்லி தீஸ் ஹசாரியிலுள்ள செயின்ட் ஸ்டீபன்ஸ் மருத்துவமனையின் வரலாறு இதைச் சிந்திக்கத் துணைபுரியும். 1860-களில் அந்நகரில் பணியாற்றிய ஆங்கிலிக்கன் பாதிரியார் ராபர்ட் வின்டரின் மனைவி பிரிசில்லா, யமுனைக் கரைக்கு வந்த பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மருந்து கொடுக்கத் தொடங்கினார். கோஷா முறையில் வாழ்ந்த பெண்கள் ஆண் மருத்துவரிடம் செல்லாத காலம் அது. 1881-இல் பிரிசில்லா மறைந்தார். அவர் தொடங்கிய பணியின் தொடர்ச்சியாக 1885-இல் சாந்தினி சவுக்கில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான மருத்துவமனை திறக்கப்பட்டது. பின்னர் அது இன்றுள்ள இடத்திற்கு மாறியது.

பெருந்தொண்டு இது; ஐயமில்லை. ஆனால் அக்காலக் கிறிஸ்தவ சபைகள் பெண்களைப் பணிக்கு அழைத்த காரணத்தையும் நோக்க வேண்டும். அந்தப்புரத்தில் ஆண்கள் நுழைய முடியாது, ஆகவே பெண்கள் தேவைப்பட்டார்கள். தேவையால் கிடைக்கும் இடம், தேவை தீர்ந்ததும் பறிபோகக் கூடியது. எந்த மனிதரையும் வெறும் கருவியாக நடத்தாமல், அவரையே நோக்கமாகவும் கருத வேண்டும் என்றார் ஜெர்மானியத் தத்துவ அறிஞர் கான்ட். நற்பணிக்கான கருவியும் கருவிதான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

இந்நிலையிலிருந்து மேலே செல்வதற்கான பாதையை வேலூரில் காணலாம். டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-இல் அங்கே மருத்துவப் பணியைத் தொடங்கினார். பெண்களுக்குச் சிகிச்சை அளிப்பதோடு அவர் நின்றுவிடவில்லை. 1918-இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியை நிறுவினார். நோயாளியாக மட்டுமே பார்க்கப்பட்ட இந்தியப் பெண், அங்கே மருத்துவராக உருவானாள். பெறுபவள் அளிப்பவளாக மாறியது முதற்படி.

அடுத்த படி, பொறுப்பை ஒப்படைப்பது. விசாகப்பட்டினத்தில் பிறந்த டாக்டர் ஹில்டா லாசரஸ், 1940-களில் தில்லியின் லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் முதல்வராக இருந்தார். 1916-இல் தொடங்கப்பட்ட அந்தப் பெண்கள் கல்லூரி அரசைச் சார்ந்தது. அதன் முதல்வரான முதல் இந்தியர் அவரே. பின்னர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அவரைத் தன் முதல் இந்திய இயக்குநராக ஏற்றது. 1947-இல் அக்கல்லூரி ஆண் மாணவர்களையும் சேர்க்கத் தொடங்கியிருந்தது. ஆகவே அவர் தலைமையேற்றது பெண்களுக்கு மட்டுமல்ல. ஆண்களும், வெளிநாட்டினரும் ஓர் இந்தியப் பெண்ணின் தீர்மானத்தின்கீழ்ப் பணிபுரிந்தனர். அந்தப்புரத்திற்குள் செல்ல ஒருவர் தேவை என்ற காரணம் இங்கே செல்லாது. தகுதி ஒன்றே காரணம்.

கொள்கை எப்போதும் செயலுக்கு முன்னே செல்வதில்லை. கிறிஸ்துவில் ஆண், பெண் என்ற பேதமில்லை என்ற போதனை ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமை கொண்டது. எனினும் 1947-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபைக்கு முதல் பெண் பேராயர் கிடைத்தது 2013-இல்தான். நந்தியால் பேராயத்தின் புஷ்பலலிதா அவர். மருத்துவமனை ஏற்றதைத் திருச்சபை ஏற்க அறுபதாண்டுகளுக்கு மேலாயிற்று. ஆன்மாவிற்குப் பால் வேறுபாடு இல்லையென்று உரைக்கும் நம் மரபும் இதே அளவுகோலால் தன்னைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

சமமதிப்பைச் சொற்பொழிவால் புகட்டிவிட முடியாது. ஒரு பெண் முடிவெடுப்பதையும், அதற்கு ஆண்கள் முகம் சுளிக்காமல் கட்டுப்படுவதையும் இளைஞர்கள் அன்றாடம் காண வேண்டும்; அதுவே பாடம். நம் சேவை மையங்களிலும் இல்லங்களிலும் எத்தனை பெண்கள் உழைக்கிறார்கள் என்று கணக்கிடுவது எளிது. அவர்களுள் ஒருவர் ‘இது வேண்டாம்’ என்றால் அந்த வேலை நிற்குமா என்று கேட்டுப் பார்ப்போம். உண்மையான விடை அங்கே கிடைக்கும்.