காக்கா ஆழியும் காக்கும் கடமையும்

சேதனாசேதனங்கள் அனைத்தும் எம்பெருமானுக்குச் சரீரம் என்பது ஸ்ரீராமாநுஜ ஸித்தாந்தம். அங்ஙனமாயின், ‘இவ்வுயிர் நம் மண்ணினது, காக்கத்தக்கது, அவ்வுயிர் அயலது, அகற்றத்தக்கது’ என்று பிரித்துரைக்க நமக்கு உரிமை உண்டோ? திருவொற்றியூருக்கு வடக்கே எண்ணூர்க் கழிமுகத்தில் இக்கேள்வி இன்று மெய்யாகவே எழுந்துள்ளது.

கொசஸ்தலை ஆறு கடலுடன் கலக்கும் அவ்விடத்துச் சேற்றில் இறாலும் நண்டும் மஞ்சள் மட்டியும் தொன்றுதொட்டு வாழ்ந்துவந்தன. அச்சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்துப் பிழைப்போர் பலர். சில ஆண்டுகளாக அங்கே ஒரு கருஞ்சிப்பி பரவியுள்ளது. மீனவர் அதனைக் ‘காக்கா ஆழி’ என்பர். அமெரிக்கக் கண்டத்தின் வெப்பக் கரைகளே அதன் தாயகம். இழைகளால் ஒன்றோடொன்று பிணைந்து, பாய் விரித்தாற்போல் ஆற்றுத்தரையை அது மூடிவிடுகிறது. இறாலுக்குப் புதைந்திருக்கச் சேறில்லை, மட்டிக்கு இடமில்லை, துழாவுவோரின் கைகளை ஓடுகள் அறுக்கின்றன.

இத்தகைய சிப்பிகள் தாமாகக் கடல் கடப்பதில்லை. சரக்கற்ற கப்பல்கள் நிலைகுலையாதிருக்க ஒரு துறைமுகத்தில் நீரை நிரப்பி, மற்றொன்றில் வெளியேற்றுகின்றன; அந்நீரிலும் கப்பலின் அடியிலும் இவை பயணம் செய்கின்றன. இங்குள்ள உயிர்களோ முன்னரே நலிந்தவை. அனல்மின் நிலையங்களின் வெந்நீரும் சாம்பலும், 2017 ஜனவரியில் இரு கப்பல்கள் மோதிக் கசிந்த எண்ணெயும், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு கழியுட் புகுந்த எண்ணெயும் அவற்றை வாட்டின.

ஸ்ரீமத் பாகவதத்தில் திராவிட மன்னன் ஸத்யவ்ரதன் நதியில் தர்ப்பணம் செய்கையில் அவன் கையில் ஒரு சிறுமீன் வருகிறது. அதனைக் கமண்டலத்திலும், பின் பெரிய நீர்நிலைகளிலும் மாற்றி மாற்றி விடுகிறான். கடலில் விட முற்படுகையில், ‘பெரும் பிராணிகளுக்கு இரையாக என்னைக் கைவிடாதே’ என்கிறது மீன். மத்ஸ்யாவதாரமாகிய இவ்வரலாற்றில் ஒரு தர்மமும் பொதிந்துள்ளது: ஓர் உயிரை இடம் பெயர்த்தவன் அதனால் வருவதற்கும் பொறுப்பாளன். பிரளயகாலத்து ஓடம் வித்துக்களையும் உயிர்களையும் அறிந்தே ஏற்றியது. நம் கப்பல்கள் அறியாமல் ஏற்றி, அறியாமல் இறக்குகின்றன.

ஆதலின் குற்றம் சிப்பியினுடையதன்று. தன் தாயகத்தில் அதுவும் ஒழுங்கான ஓர் அங்கமே. ஆனால் சரீரத்தில் ஒவ்வோர் உறுப்பும் தன்னிடத்தில் தன் தொழிலைச் செய்வதே ஆரோக்கியம். நண்டு சேற்றைக் கிளறுகிறது. அலையாத்தி மீன்குஞ்சுகளுக்கு அடைக்கலமளிக்கிறது. இறால் மட்கியதை உண்டு மீனுக்கு உணவாகிறது. ஒன்றே எங்கும் நிறைந்தால் இத்தொழில்கள் நின்றுபோகும். அவற்றை நம்பிய ஏழையின் அடுப்பும் அணையும்.

எனவே அச்சிப்பியை அகற்றுதல் தகும். ஆயின் அது பகைவனை வென்ற களிப்போடன்று, பிராயச்சித்தமாகவே செய்யத்தக்கது. செய்த பிழையைத் தொடர்ந்துகொண்டே செய்யும் பிராயச்சித்தம் பயன்தராது. கப்பல்நீரைத் தூய்மைப்படுத்தியே வெளியேற்றக் கோரும் உலக உடன்படிக்கை 2004-ல் உருவாகி 2017-ல் நடைமுறைக்கு வந்தது. அதனை ஒவ்வொரு துறைமுகமும் உண்மையாகக் கடைப்பிடித்து, சாம்பலும் எண்ணெயும் கழியிற் சேராமல் தடுத்தாலன்றி, சிப்பியை மட்டும் வாரியெடுப்பதில் பொருளில்லை. லோகக்ஷேமத்தை வேண்டி நாம் கைகூப்பும்போது, அந்த லோகத்தில் எண்ணூர்ச் சேற்று நண்டும் அடங்கும் என்பதை மறவாதிருப்போமாக.