கையுறை யாருக்காக?

ஹூக் அடிக்கும்போது முஷ்டி எப்படி இருக்க வேண்டும்? உள்ளங்கை தரையைப் பார்க்க வேண்டுமா, இல்லை கட்டைவிரல் மேலே இருக்க உள்ளங்கை நம் நெஞ்சைப் பார்க்க வேண்டுமா? குத்துச்சண்டைப் பயிற்சிக்கூடங்களில் ஓயாத வாக்குவாதம் இது. ஹூக் என்பது முழங்கையை மடக்கி, கையைக் கொக்கிபோல் வளைத்துப் பக்கவாட்டிலிருந்து அடிக்கும் குத்து. நேராக வரும் ஜாபைக் கண் பிடித்துவிடும். ஹூக் பார்வையின் ஓரத்திலிருந்து வரும்.

லண்டனில் ஆறு வருடங்களாக வாரத்தில் இரண்டு மாலைகள் நான் பயிற்சிக்குப் போகிறேன். நாற்பதைத் தாண்டித் தொடங்கியவன். மேடையேறும் எண்ணம் கிடையாது. பகல் முழுக்கக் கணினித் திரைக்கு முன்னால் உட்காரும் உடம்புக்கு ஒரு மாற்று, அவ்வளவுதான். ஆனால் இந்தச் சின்னத் தொழில்நுட்பக் கேள்வி என்னை வேறொரு கேள்வியில் கொண்டுபோய் நிறுத்தியது.

முதலில் தொழில்நுட்பம். தூரத்திலிருந்து வீசும் ஹூக்கில் கட்டைவிரல் மேலே இருந்தால் அந்த விரலே போய் மோதிக்கொள்ளலாம். உள்ளங்கையைத் தரைப்பக்கம் திருப்பி, முழங்கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கினால் ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகள் இலக்கில் சரியாகப் படும். மிக அருகில் நின்று அடிக்கும்போது அதே நிலை தோளையும் மணிக்கட்டையும் முறுக்கும். அங்கே கட்டைவிரலை மேலே வைப்பது வசதி. அடி சுண்டுவிரல் பக்கம் பட்டால் அந்த விரலுக்குக் கீழே இருக்கும் எலும்பு அதன் கழுத்தில் முறியும். மருத்துவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயரே ‘பாக்ஸர் முறிவு’. ஆகவே தூரத்தையும் உடலமைப்பையும் பொறுத்து மாற்றிக்கொள் என்பதுதான் நியாயமான பதில். ஜோ ஃப்ரேசியருக்குத் தேர்வே இருக்கவில்லை. சிறுவயதில் பன்றி துரத்தி விழுந்ததில் காயப்பட்ட அவருடைய இடதுகை, சரியான வைத்தியம் இல்லாமல் முழுதாக நிமிராமலே போயிற்று. 1971 மார்ச் 8 அன்று நியூயார்க்கில் 15ஆவது சுற்றில் முகமது அலியைத் தரையில் வீழ்த்தியது அந்த வளைந்த கையின் ஹூக்தான்.

இந்த வாக்குவாதத்தில் எல்லாத் தரப்பும் பேசுவது அடிப்பவனின் கையைப் பற்றித்தான். என் முட்டி, என் மணிக்கட்டு, என் தோள். குத்தை வாங்கும் தலை இந்த உரையாடலில் ஓர் இலக்கு மட்டுமே.

கையுறையின் வரலாறும் இதற்குத் தூரமில்லை. 1740களில் லண்டனில் ஜாக் பிராட்டன் தன் பயிற்சிக்கூடத்துக்கு வரும் கனவான்களின் முகம் கெட்டுவிடக் கூடாது என்று பஞ்சு வைத்த உறைகளை அறிமுகப்படுத்தினார். போட்டிகளுக்கு அவை கட்டாயமானது 1867இல் வெளியான குவீன்ஸ்பெரி விதிகளால். வெறுங்கையால் மண்டையோட்டில் முழு பலத்தோடு அடித்தால் முதலில் உடைவது அடிப்பவனின் கை. அந்த பயம் ஒரு கடிவாளமாக இருந்தது. கையுறையும் கைக்கட்டும் அந்தக் கடிவாளத்தைக் கழற்றிவிட்டன. உறை முகத்தோலைக் கிழியாமல் காக்கும், கை எலும்பைக் காக்கும், மூளையைக் காக்காது. ஹூக் தாடையில் பட்டால் தலை சட்டென்று சுழல்கிறது. மண்டையோடு திரும்பும் வேகத்துக்கு உள்ளே இருக்கும் மூளை ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்குகிறது. அந்த இழுவைக்கு எந்தப் பஞ்சும் மருந்தல்ல.

ஆனாலும் சட்டம் கையுறையின் பக்கம்தான் நின்றது. 1882இல் கோனி வழக்கில் இங்கிலாந்து நீதிபதிகள், வெறுங்கைப் பந்தயச் சண்டை குற்றமே, இருவரும் சம்மதித்திருந்தாலும் அந்தச் சம்மதம் செல்லாது என்றார்கள். 1993இல் பிரவுன் வழக்கில் பிரபுக்கள் சபை, உடற்காயத்துக்குச் சம்மதம் ஒரு சமாதானம் ஆகாது என்று சொன்னபோதும், முறையான குத்துச்சண்டையை விதிவிலக்காகவே கருதியது. சட்டம் அனுமதிக்கிறது, எதிரில் நிற்பவரும் சம்மதிக்கிறார். அப்படியானால் என் பொறுப்பு அங்கே முடிந்துவிடுகிறதா?

என் தொழிலிலும் கையுறைகள் உண்டு. ஒரு நிறுவனத்தின் வேலைமுறையைத் தானியங்கியாக்கப் பரிந்துரை எழுதும்போது, எத்தனை பேருக்கு வேலை போகும் என்று நாங்கள் எழுதுவதில்லை, ‘திறன் மேம்பாடு’ என்று எழுதுகிறோம். கடைசிப் பக்கத்தில் வாடிக்கையாளரின் கையொப்பம் இருக்கும். அந்தச் சொல்லும் கையொப்பமும் காப்பது எழுதுகிறவனின் கையை.

அப்படியென்றால் மெதுவாக அடித்தால் போதுமே என்று தோன்றும். அது அத்தனை சுலபமில்லை. எங்கள் கூடத்தில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். யாழ்ப்பாணத்துப் பெற்றோரின் பிள்ளை, இங்கேயே பிறந்தவன், முதல் அமெச்சூர் போட்டிக்குத் தயாராகிறான். ஸ்பாரிங்கில் அவனுடைய வலதுகை அடிக்கடி கன்னத்தைவிட்டு இறங்கிவிடும். என் இடது ஹூக்குக்கு அதைவிட நல்ல வழி வேண்டாம். நான் அடியைப் பாதியில் நிறுத்திவிடுவதை அவன் கவனித்துவிட்டான்.

“நீங்கள் இப்பிடி நிப்பாட்டினா நான் கை தூக்கிப் பழகமாட்டன் அங்கிள். அங்க வாறவன் நிப்பாட்டமாட்டான்.”

அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. என் கருணை அவனுக்குப் பொய்த் தகவல் தருகிறது. திறந்திருக்கும் கன்னத்தை மூடியிருப்பதாக நம்பவைக்கிறது. அந்தப் பொய்யின் விலையை இன்னொருவரின் கையால் அவன் கட்ட வேண்டியிருக்கும். ஆனால் அவன் சொல்வதை அப்படியே ஏற்று முழு பலத்தோடு அடித்தால், போட்டி நாளில் ஒருமுறை வாங்கக்கூடிய அடியை நான் வாரந்தோறும் அவனுக்குக் கொடுத்துக்கொண்டிருப்பேன். அவன் சம்மதித்தது நடுவரும் மருத்துவரும் அருகில் இருக்கும் ஒரு போட்டிக்கு. என் கையில் ஊறும் சின்ன அகங்காரத்துக்கு அவன் சம்மதம் தரவில்லை.

இந்த இடத்தில் நான் நினைத்துக்கொள்வது எமில் கிரிஃபித்தை. 1962 மார்ச் 24 அன்று அவர் பென்னி பரேட்டை மூலையில் வைத்து அடித்த அடிகளில் பரேட் நினைவிழந்தார், ஏப்ரல் 3ஆம் தேதி இறந்தார். விதிகளின்படி கிரிஃபித் எந்தத் தவறும் செய்யவில்லை. ஆனால் அதன் பிறகு, வெல்வதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டுமே அடித்தேன் என்று பின்னாளில் சொன்னார். அப்படி அடித்தும் 1966இல் டிக் டைகரை வென்று மிடில்வெயிட் உலக சாம்பியன் ஆனார். கட்டுப்பாடு என்பது பலவீனம் அல்ல என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல சாட்சி தெரியாது. அந்த அளவை அவருக்கு எந்த விதிப்புத்தகமும் கொடுக்கவில்லை.

உண்மையில் ஹூக்கின் பலம் முஷ்டியில் இல்லை. பாதம் தரையை உந்தி, இடுப்பு சுழன்று, அந்தச் சுழற்சி தோள் வழியாகக் கைக்கு வருகிறது. முஷ்டி அதன் கடைசி நிறுத்தம் மட்டுமே. ஆகவே வேகத்தையும் பலத்தையும் பிரித்துவிடலாம். இப்போது நான் அவனுக்கு ஹூக்கைப் பாதியில் நிறுத்துவதில்லை. முழு வேகத்தில் போகிறது, திறந்திருக்கும் கன்னத்தைத் தொடுகிறது. இடுப்பை மட்டும் அனுப்புவதில்லை. கன்னம் திறந்திருக்கிறது என்ற உண்மை அவனுக்குப் போய்ச் சேர்கிறது, என் உடம்பின் கனம் போய்ச் சேர்வதில்லை. விலாவுக்கு அடிக்கும்போது கொஞ்சம் கனமும் போகும். அதற்கு அவன் முகம் சுளித்துச் சிரிப்பான்.

முஷ்டியை எப்படி வைப்பது என்று புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்டால், தூரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்றுதான் இன்றும் சொல்கிறேன். அது கையைக் காப்பாற்றும், அது அவசியம்தான். எதிரில் இருப்பவரின் தலையை அந்தப் பதில் காப்பாற்றாது. அந்த முடிவு இடுப்பில் எடுக்கப்படுகிறது, ஒவ்வொரு அடிக்கும் தனித்தனியாக. அதை எனக்காக எடுக்கக்கூடிய கையுறை எதுவும் கடையில் இல்லை.