மிஞ்சிய துணிக்கைகளும் மின்சாரக் கணக்கும்



ஐந்து அப்பங்களைக் கொண்டு ஐயாயிரம் பேருக்குப் பசியாற்றிய நமது ஆண்டவர், எல்லோரும் உண்டு முடித்தபின் என்ன செய்தார்? மிஞ்சிய துணிக்கைகளைச் சேர்க்கச் சொன்னார். பன்னிரண்டு கூடை நிறைந்தது. நினைத்த மாத்திரத்தில் அப்பத்தைப் பெருகச் செய்ய வல்லவருக்கு அந்தத் துணிக்கைகள் எதற்கு? விலையில்லாமல் வந்ததும் வீணாக்கத் தக்கதல்ல என்று நமக்குக் காட்டவே அப்படிச் செய்தார்.

நம் வீடுகளில் விலையில்லாமல் வந்தது மின்சாரம். 2016-ஆம் ஆண்டு மே மாதத்தில் அரசாங்கம் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாய்த் தரத் தொடங்கியது. ஏழைக் குடும்பத்துக்கு அது பெரிய உபகாரம். ஆனால் அதோடு கூடவே, “சும்மா வருகிறதுதானே, ஓடட்டும்” என்கிற பேச்சும் வீட்டுக்குள் வந்துவிட்டது. ஆளில்லாத அறையில் விசிறி சுற்றுகிறது. நண்பகலில் திண்ணை விளக்கு எரிகிறது.

சும்மா வருவதில்லை, பிள்ளைகளே. நம் மேட்டூருக்குப் போய்ப் பாருங்கள். 1934-ல் கட்டி முடித்த அணையின் தண்ணீர் தந்த மின்சாரம் போதாமல், 1987 முதல் அங்கே அனல் நிலையம் நடக்கிறது. அதன் திறன் இப்போது 1,440 மெகாவாட். ரயில் ரயிலாக நிலக்கரி வந்து எரிந்து, சாம்பலும் புகையுமாகிறது. நாம் அணைக்க மறந்த விசிறிக்காகவும் அந்தக் கரி எரிகிறது. பாப்பரசர் பிரான்சிஸ் 2015-ல் ‘லவுதாத்தோ சி’ என்னும் நிருபம் எழுதியபோது, வேண்டாத விளக்கை அணைப்பதையும் புண்ணியக் காரியங்களோடு சேர்த்துச் சொன்னது சிலருக்கு வேடிக்கையாய் இருந்தது. எனக்கு அதில் வேடிக்கை தோன்றவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய விசிறி 75 வாட். நாளுக்கு 12 மணி நேரம் சுற்றினால் 60 நாளில் 54 யூனிட் தின்னும். இப்போது கடைகளில் கிடைக்கும் பி.எல்.டி.சி. விசிறி 30 வாட்டுக்குள் சுற்றுகிறது. அதற்கு ஏறக்குறைய 22 யூனிட் போதும். ஒரே விசிறியில் 32 யூனிட் மிச்சம். புதிதாய் எதை வாங்கினாலும் நட்சத்திரச் சீட்டைப் பார்த்து வாங்குங்கள். மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசினால் சித்திரை வெயிலில் கீழே உள்ள அறை தணியும். அதற்கு எந்த மானியமும் வேண்டாம்.

இனி, வீட்டுக்கு வீடு பேசப்படும் சூரியப் பலகைக்கு வருவோம். 2024 பிப்ரவரியில் மத்திய அரசாங்கம் தொடங்கிய ‘பி.எம். சூரிய கர்’ திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாயும் மானியம். ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத சுமார் 100 சதுர அடி மாடி வேண்டும். நல்ல வெயிலில் நாளுக்கு 4 யூனிட் கிடைக்கும். மிஞ்சியது கம்பி வழியே வெளியே போய் உங்கள் கணக்கில் கழியும்.

சூரியனை வேலைக்கு வைப்பது நமக்குப் புதிதா? ஜவ்வரிசி ஆலைக் களங்களில் மாவை உலர்த்துகிறவன் அவன். நாமகிரிப்பேட்டை மஞ்சளைக் காய வைக்கிறவனும் அவனே. அர்ச். பிரான்சிஸ்கு அசீசியார் அவனைச் சகோதரன் என்று அழைத்தார். உரோமையில் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் மண்டபத்தின் கூரையில் 2008-லேயே 2,000-க்கு மேற்பட்ட பலகைகள் ஏறிவிட்டன.

என்றாலும் கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேணும் என்றார் நம் ஆண்டவர். மானியம் முதலில் கைக்கு வராது; பலகை பூட்டி, மீட்டர் பொருத்தி, சரிபார்த்தபின்தான் வங்கிக் கணக்குக்கு வரும். பேட்டரி இல்லாத அமைப்பு, கரண்டு போனால் அதுவும் நின்றுவிடும். இதைத் தரகர்கள் சொல்வதில்லை. நம் பக்கத்து லாரிப் புழுதியும் கல்குவாரித் தூசும் படிந்தால் விளைச்சல் குறையும். துடைக்க ஆள் வேண்டும். 100 யூனிட்டுக்குள் அடங்குகிற குடும்பம், பக்கத்து வீட்டைப் பார்த்து நகையை அடகு வைத்துப் பலகை போடுவது விவேகமல்ல. அந்த வீட்டுக்கு ஒரு நல்ல விசிறி போதும். இரண்டு குளிர்சாதனப் பெட்டிகள் ஓடும் வீட்டுக்காரர் தயங்குவதற்குத்தான் காரணம் தெரியவில்லை.

மனச்சாட்சிக்கு உரிய ஒரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்ல வேணும். ஒரே குடும்பம், ஒரே அடுப்பு. ஆனால் இலவச யூனிட்டை இரண்டு முறை வாங்க இரண்டு மின் இணைப்புகள். மகன் தனிக்குடித்தனமாய் மாடியில் இருந்தால் குற்றமில்லை. மாடியில் ஆளே இல்லாமல் மீட்டர் மட்டும் குடியிருந்தால் அதற்கு என்ன பெயர்? வீட்டு இணைப்பில் தறி ஓட்டுவதும், திருவிழாச் சீரியல் விளக்குக்குக் கம்பத்தில் கொக்கி மாட்டுவதும் அப்படியே. மாதா தேருக்கு முன்னால் எரிந்தாலும் திருட்டு விளக்கு திருட்டு விளக்கே. ஏழாம் கற்பனை மின்சாரத்துக்கு விலக்குத் தரவில்லை. அந்தப் பணம், தீப்பெட்டி வாங்கும்போதும் வரி கட்டுகிற கிளீனர் பையனுடைய பணம். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேணும் என்பதும் பாவசங்கீர்த்தனத்தின் ஒரு பகுதி என்பது உங்களுக்குத் தெரியும்.

மானியங்கள் எல்லாம் சொந்த மாடி உள்ளவனுக்கே. ஓட்டு வீட்டிலும் வாடகை வீட்டிலும் இருக்கிறவர்களுக்கு இதில் பங்கு இல்லை. ஆகையால் பலகை போட்டு மாதாமாதம் மிச்சம் பிடிக்கும் குடும்பங்கள், முதல் வருஷத்து மிச்சத்தில் ஒரு பங்கை அர்ச். வின்சென்ட் தே பவுல் சபைக்குக் கொடுத்தால், அதைக் கொண்டு விதவைகளின் வீடுகளில் பழைய விசிறிகளை மாற்றித் தரலாம்.

வருகிற ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் கடைசி மூன்று மின்கட்டண ரசீதுகளைக் கொண்டு பங்கு மண்டபத்துக்கு வாருங்கள். வாலிபர் சங்கத்தார் ஒவ்வொரு வீட்டுக்கும் எது தகும் என்று கணக்குப் பார்த்து, விண்ணப்பமும் எழுதித் தருவார்கள். அதற்குக் காசு கிடையாது.