ஒப்படைத்தால் பொறுப்புத் தீருமா?

சென்ற மாதம் ஓர் இரவு, சிடாம் கிரியில் எங்கள் கடையை அடைக்கும் நேரத்தில், பழைய தோட்டத்து நண்பர் ஒருவர் கையில் ஒரு காகிதத்துடன் வந்தார். அவருடைய தகப்பனார் பால்மரம் வெட்டியவர். இவர் இப்போது குலிம் தொழிற்சாலைக்குத் தினமும் வேன் ஏறிப் போகிறவர். மகன் பள்ளியில் சாரணர் படையில் சேர்ந்திருக்கிறான். முகாமுக்குப் பிள்ளையை அனுப்பப் பெற்றோர் சம்மதம் தரும் பாரம் அது. மலாய் மொழியில் இரண்டு பக்கம் இருந்தது. "பாய், இதிலே எங்கே கையெழுத்து வைக்கணும்?" என்றார். என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை.

அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. என் மகன் சாரணனான வருஷம் நானும் கல்லாவில் சில்லறை எண்ணிக்கொண்டே அப்படித்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நம்மில் பலருடைய நிலையும் இதுவே. இந்நாட்டுப் பள்ளிகளில் பிள்ளை ஏதேனும் ஒரு சீருடை இயக்கத்தில் சேர வேண்டும் என்பது விதி. தவிரவும், பல்கலைக்கழக நுழைவுக் கணக்கில் புறப்பாட நடவடிக்கைக்கு நூற்றுக்குப் 10 புள்ளி உண்டு. ஆகவே சீருடையும் கழுத்துத் துணியும் வாங்கப் பணம் கொடுக்கிறோம், பாரத்தில் கையெழுத்து வைக்கிறோம். அத்துடன் நம் கடமை தீர்ந்தது என்று நினைக்கிறோம். தீர்ந்ததா என்பதே ஈண்டு நான் கேட்க வந்த கேள்வி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சாரணர் இயக்கத்தைப் பற்றிக் கோள் சொல்ல நான் எழுதவில்லை. 1907-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் பேடன் பவல் துரை இங்கிலாந்தில் பிரௌன்சீ என்ற சிறு தீவுக்கு ஏறக்குறைய இருபது பையன்களை அழைத்துப் போய் முதல் முகாம் நடத்தினார். பெரிய இடத்துப் பிள்ளைகளும் கூலிவேலைக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே ஒரே கூடாரத்தில் படுத்தார்கள். பையன்களை நான்கு சிறு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் ஒரு பையனையே தலைவனாக்கினார். பெரியவர்கள் இழுத்துச் செல்லாமல் பிள்ளைகளே பிள்ளைகளை நடத்த வேண்டும் என்பது அவர் எண்ணம். அது நல்ல எண்ணம். தன் துணியைத் தான் துவைக்காத என் மகன் முதல் முகாமிலிருந்து திரும்பிய அன்று, தான் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தான். அவன் உம்மா அதை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நிற்க. சாரணப் பிள்ளை சேரும்போது ஒரு வாக்குறுதி செய்கிறான். கடவுளுக்கும் மன்னருக்கும் நாட்டுக்கும் கடமை செய்வதாகவும், பிறருக்கு உதவுவதாகவும், சாரணர் சட்டத்தின்படி நடப்பதாகவும் கையை உயர்த்திச் சொல்கிறான். யாருடைய பெயரால் எதற்கு வாக்குக் கொடுப்பது என்பது அற்ப விஷயமன்று. இந்தியாவில் 1909-இல் தொடங்கிய படைகளில் வெள்ளையர், ஆங்கிலோ இந்தியர் பிள்ளைகளுக்கே இடமிருந்தது. அன்னி பெசன்ட் அம்மையார் முதல் உலகப் போர்க் காலத்தில் சென்னையில் இந்தியப் பிள்ளைகளுக்கென்று தனிச் சாரணர் சங்கம் கண்டார். 1921-இல் பேடன் பவல் அங்கே வந்த பிறகே அது தாய் இயக்கத்தோடு இணைந்தது. அந்நிய அரசனுக்கு விசுவாசமாயிருப்பேன் என்று நம் பிள்ளை ஏன் சொல்ல வேண்டும் என்று அக்காலத்துப் பெரியவர்கள் வாதாடினார்கள். ஒரு சிறுவன் வாயிலிருந்து வரும் வாக்கை அவர்கள் அவ்வளவு பெரிதாக மதித்தார்கள். நாமோ அதைப் புள்ளிக்காகச் சொல்லும் பாடமாக எண்ணுகிறோம்.

என் கதையையே சொல்கிறேன். ஒரு புதன்கிழமை கடையில் வேலைக்கு ஆளில்லை. மகனைச் சாரணர் பயிற்சிக்குப் போக வேண்டாம் என்று நிறுத்தினேன். "வாத்தியார் கேட்டால் காய்ச்சல் என்று சொல்லிவிடு" என்றேன். "அத்தா, சாரணன் சொல்லை நம்பலாம் என்பதுதான் முதல் சட்டம். நான் வாக்குக் கொடுத்திருக்கேனே" என்றான். வயது பன்னிரண்டு. நான் சிரித்துவிட்டேன். அன்றைய பொய்யைவிட அந்தச் சிரிப்புத்தான் பெரிய குற்றம் என்று பின்னால் உறைத்தது. அவன் தன் வாழ்நாளில் முதன்முதலாகத் தானே மனமறிந்து கொடுத்த வாக்கு அது. நான் கொடுக்கச் சொன்னதன்று, என்னைக் கேட்டுக் கொடுத்ததுமன்று. அவனுக்குச் சொந்தமான அந்தப் பொருளை நான் எடுத்துச் செலவழித்துவிட்டேன். மறுவாரம் நானே பள்ளிக்குப் போய், கடை வேலைக்காக நான்தான் நிறுத்தினேன் என்று சொல்லி வந்தேன். வாத்தியார் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, மகன் எடுத்துக்கொண்டான்.

அந்தச் சட்டங்களில் கீழ்ப்படிதலும் ஒன்று. 1908-இல் எழுதியபோது, தலைவன் இட்ட கட்டளைக்குக் கேள்வி கேளாமல் அடங்க வேண்டும் என்றே எழுதினார்கள். அடங்கி நடக்கும் பிள்ளையைக் கண்டால் நமக்கெல்லாம் ஆனந்தம். ஆனால் கேள்வி கேளாத அடக்கம் யாருக்குப் பயன்படும் என்பதை அமெரிக்காவில் நடந்தது காட்டிவிட்டது. அந்நாட்டின் சாரணர் சங்கம் 2020-ஆம் வருஷம் பிப்ரவரியில் திவால் மனுக் கொடுத்தது. சிறு வயதில் சாரணர் தலைவர்களால் தாங்கள் கெடுக்கப்பட்டதாக 82,000 பேருக்கு மேல் முறையிட்டார்கள். நஷ்டஈடாக ஒப்புக்கொண்ட தொகை 246 கோடி டாலர். இதிலும் கொடுமை என்னவென்றால், கெட்ட நடத்தைக்காரர்கள் என்று விலக்கப்பட்டவர்களின் கோப்புகளைச் சங்கம் பல காலமாக இரகசியமாகவே வைத்திருந்தது. அவற்றில் ஒரு பகுதி நீதிமன்ற உத்தரவினால் 2012-இல் வெளிவந்தது. சங்கம் அறிந்திருந்ததைப் பெற்றவர்கள் அறியவில்லை. அவர்களும் எங்கோ ஒரு பாரத்தில் கையெழுத்துப் போட்டவர்கள்தாம்.

நம் ஊர் வாத்தியார்கள் அப்படிப்பட்டவர்கள் என்று யாரும் பொருள் கொள்ள வேண்டாம். தம் சனிக்கிழமையை விட்டுக் கொடுத்து, பிறர் பிள்ளைகளுக்குக் கயிறு முடியவும் கூடாரம் அடிக்கவும் கற்பிக்கிறவர்களுக்கு நாம் கடன்பட்டவர்கள். நல்லவரை நாலு கேள்வி கேட்பதால் அவருக்கு ஒன்றும் குறைந்துவிடாது. கேட்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் வருகிறவன்தான் அதைக் கண்டு அஞ்சுவான். இந்நாட்டில் 2017-இல் வந்த சிறார் பாலியல் குற்றச் சட்டம், பிள்ளை நம்பியிருக்கும் நிலையில் உள்ளவர் இக்குற்றம் செய்தால் கூடுதல் தண்டனை என்கிறது. தெரிந்தும் போலீசில் சொல்லாமல் மறைப்பதையும் குற்றமாக்கியிருக்கிறது. ஊர் மானம் போகும் என்று மூடி மறைக்கும் வழக்கத்தை நாம் இனியாவது விட வேண்டும்.

நம்மவர்கள் கேட்பதில்லை என்றும் சொல்ல முடியாது. முகாமில் சோறு ஹலாலா என்று கேட்கிறோம். தொழுவதற்கு இடமுண்டா என்கிறோம். கேட்க வேண்டியவையே. ஆனால் இரவில் கூடாரத்துப் பக்கம் எத்தனை பெரியவர்கள் இருப்பார்கள், ஒரு பெரியவர் ஒரு பிள்ளையைத் தனியே அழைத்துப் போக இடமிருக்கிறதா, பிள்ளை விரும்பினால் வீட்டுக்குப் போன் பேச முடியுமா, தண்ணீரில் இறங்கும்போது நீந்தத் தெரிந்தவர் யார் நிற்கிறார் என்று கேட்பதற்கு வாய் வருவதில்லை. மரியாதைக் குறைவு என்று நினைக்கிறோம்.

2009-ஆம் வருஷம் அக்டோபர் 26-ஆம் தேதி இரவு, பேராக்கில் கம்பார் அருகே கோலா டிப்பாங்கில் பள்ளிப் பிள்ளைகளின் முகாம் ஒன்று நடந்தது. ஆற்றின்மேல் புதிதாகக் கட்டியிருந்த தொங்குபாலம் பிள்ளைகள் கடக்கையில் அறுந்து விழுந்தது. தொடக்கப்பள்ளி மாணவியர் மூவர் போய்விட்டார்கள். மூவரும் நம் தமிழ்ப் பிள்ளைகள். அவர்களைப் பெற்றவர்கள் செய்யத் தவறியது இன்னதென்று சொல்ல யாருக்கும் வாயில்லை. அந்தப் பாலத்தை எந்தத் தகப்பன் போய்ப் பார்த்திருப்பான்? நம் கண் எட்டாத இடம் எப்போதும் உண்டு. அதனால்தான் எட்டுகிற இடத்தையாவது பார்க்க வேண்டியவர்களாகிறோம்.

என் வாப்பா தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்த காலத்தில், ஊருக்குப் போகும் தொழிலாளர்கள் நகையைத் துணியில் முடிந்து அவரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அமானிதம் என்று அவர் அதைத் தொடவே மாட்டார். ஒரு சமயம் கடையைச் சிலநாள் தம்பியிடம் விட்டுப் போக நேர்ந்தபோது, நகைகளை மட்டும் உடையவர்களிடமே திருப்பிக் கொடுத்தார். சின்னவாப்பாவுக்கு இதில் வருத்தம். ஷாஃபிஈ மத்ஹபின் சட்டமும் இதுவே: அமானிதம் வாங்கியவன், உடையவன் சம்மதமும் தக்க காரணமும் இல்லாமல் அதை மூன்றாமவன் கையில் கொடுத்தால், கெட்டுப் போனதற்கு அவனே பொறுப்பாளி. பிள்ளை நமக்கே இறைவன் கொடுத்த அமானிதம் என்று மேடையில் பேசுகிறோம். அப்படியானால் நாம் உடையவர்கள் அல்லர், வாங்கி வைத்திருப்பவர்கள். வாங்கி வைத்திருப்பவன் முகம் தெரியாத கையில் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாமா?

இதைக் கேட்டுவிட்டுச் சிலர், "அப்படியென்றால் வீட்டிலேயே இருக்கட்டும்" என்பார்கள். பெண்பிள்ளைகள் விஷயத்தில் இது மிகச் சுலபமாக வாயில் வந்துவிடுகிறது. நகையைப் பெட்டியில் பூட்டினால் பத்து வருஷம் கழித்தும் நகையாக இருக்கும். பிள்ளை அப்படியன்று. வெளியே விடாத பிள்ளைக்கு நல்ல கை எது, கெட்ட கை எது என்று தெரியாமலே போகும். தலைவன் சொல்லைக் கேள் என்று சொல்லி அனுப்புகிற நாம், எந்த இடத்தில் கேட்கக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லி அனுப்ப வேண்டும். முடியாது என்று சொல்லிவிட்டு வந்தால் வீட்டில் அடி விழாது என்ற உறுதி பிள்ளைக்கு வேண்டும். அது பள்ளிக்கூடம் கொடுக்கக் கூடியதன்று.

அன்றிரவு நண்பரைக் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துத் தேத்தண்ணீர் கொடுத்து, பாரத்தை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். விபத்து நேர்ந்தால் பள்ளியைக் குறை சொல்ல மாட்டேன் என்ற வரி வந்தபோது மறுபடி படிக்கச் சொன்னார். முகாம் இடத்தின் பெயர் வந்தது.

"அங்கே ஆறு ஓடுதே பாய். மழைக் காலத்திலே கழுத்து மட்டும் வரும். சின்ன வயசிலே நான் மீன் பிடிச்ச இடம்" என்றார். "ஆத்துலே இறக்குவாங்களான்னு இதிலே இருக்கா?"

இல்லை என்றேன். பாரத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் மகனை மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதைக் கடை வாசலில் நின்று பார்த்தேன்.