அத்திப்பள்ளிக்கு அப்பால் ஐந்து கோப்பைகள்

ஓசூரில் ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. அங்கிருந்து பெங்களூரு எட்டிப்பிடிக்கும் தூரம். ஷிப்டுக்காக இந்த எல்லையை அன்றாடம் கடப்பவர்களுக்கு அது வெறும் சோதனைச்சாவடி. கால்பந்துக் கணக்கிலோ அது பெரிய மதில். மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பையைத் தமிழ்நாடு இதுவரை ஒருமுறைகூட வென்றதில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கர்நாடக அணி ஐந்து முறை வென்றிருக்கிறது: 1946-47, 1952-53, 1967-68, 1968-69, பிறகு 2022-23. முதல் நான்கும் மைசூரு என்ற பெயரில்.

இந்த நான்கின் எடை தெரிய வேண்டுமானால் எதிரில் நின்றது யார் என்று பார்க்க வேண்டும். நான்கு இறுதியாட்டங்களிலும் வங்காளம்! 1941இல் இந்தப் போட்டி தொடங்கியதே வங்காளக் கால்பந்துச் சங்கம் தந்த கோப்பையோடுதான். சந்தோஷ் என்பது அங்கிருந்த ஒரு ஜமீனின் பெயர். இன்றுவரை 33 முறை அதை வென்றதும் வங்காளமே. வீட்டுக்காரனை அவன் வீட்டுச் சொத்துக்காகவே நான்கு தடவை தோற்கடித்த அணியை, இந்தியக் கால்பந்தின் கதையைச் சொல்பவர்கள் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். இது எனக்கு ஆறவே இல்லை.

அந்த ஆட்டம் எங்கே விளைந்தது? பெங்களூரு கண்டோன்மென்டில். 1947 வரை அது மைசூரு மன்னர் ஆட்சிக்கு உட்படாத, ஆங்கிலேயர் நேரடியாக ஆண்ட ராணுவப் பகுதி. பட்டாளத்தை நம்பிப் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்கள் அல்சூரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் நிறைந்தன. சிப்பாய்கள் பூட்ஸ் போட்டு ஆடியதைப் பார்த்து, பையன்கள் வெறுங்காலில் ஆடப் பழகினார்கள். பந்தைக் காலோடு ஒட்டவைத்து, குட்டிக் குட்டி பாஸாகக் கடத்தும் ஆட்டம் அது. அல்சூரை ஒட்டிய கௌதமபுரத்தில் இன்றும் பீலேவுக்குச் சிலை உண்டு.

அங்கே தேறியவர்களில் இருவரைச் சொன்னால் போதும். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியா பிரான்சிடம் 2-1 என்று தோற்றது. இந்தியா போட்ட அந்த ஒரே கோல் சாரங்கபாணி ராமனுடையது. 1952 ஹெல்சின்கியில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று நொறுங்கியபோதும் இந்தியாவுக்கு ஒரு கோல் இருந்தது. அடித்தவர் அகமது கான். இரண்டு ஒலிம்பிக்கிலும் இந்தியாவுக்கு அந்த ஒவ்வோர் ஆட்டம்தான். அதாவது, ஒலிம்பிக் கால்பந்தில் நம் நாட்டின் முதல் இரண்டு கோல்களும் பெங்களூருக் கால்களிலிருந்து புறப்பட்டவை.

பிறகு ஏன் மறந்தோம்? நல்ல ஆட்டக்காரர்களைக் கல்கத்தா அழைத்துக்கொண்டது முதல் காரணம். அகமது கானும் இன்னொரு பெங்களூருக்காரரான தன்ராஜும் ஈஸ்ட் பெங்கால் அணியின் புகழ்பெற்ற ‘பஞ்ச பாண்டவர்’ முன்வரிசையில் இருவர். அந்தப் புகழ் கிளப்பின் கணக்கில் ஏறியது, ஊரின் கணக்கில் ஏறவில்லை. இன்னொன்று, எல்லைக்காரர்களுக்கே உரிய சங்கடம். தமிழ்நாட்டுக்கு இவர்கள் மைசூரு அணி. கன்னட நாட்டுக்கோ கண்டோன்மென்ட்காரர்கள். இதைத் தமிழ் அணி என்று இப்போது உரிமை கொண்டாடுவதும் பிழைதான். அகமது கானும் ராமனும் ஒரே தெருப்பந்தின் பிள்ளைகள். வீட்டில் ஒரு மொழி, கடைத்தெருவில் ஒரு மொழி, பள்ளியில் இன்னொன்று என்று வாழும் ஓசூர்க்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

2023 மார்ச் 4 அன்று சவுதி அரேபியாவின் ரியாத்தில் மேகாலயாவை 3-2 என்று வென்று கர்நாடகம் கோப்பையைத் தூக்கியது. நடுவில் 54 ஆண்டுகள். அதற்கு முந்தைய வெற்றியின்போது அந்த மாநிலத்துக்குக் கர்நாடகம் என்ற பெயரே வந்திருக்கவில்லை.