ஞாபகம் வைத்திருக்கும் ஊரும் மறந்துவிடும் ஊரும்

மதுரையில் ஒரு புது ஆளைப் பார்த்தால் முதலில் வரும் கேள்வி, "தம்பி யாரு வீட்டுப் பிள்ளை?" கோவையில் அதே இடத்தில், "என்னங்க பண்றீங்க?" என்று கேட்பார்கள். முதல் கேள்வி நமக்குப் பின்னால் நிற்கிறவர்களைத் தேடுகிறது. இரண்டாவது நம் கையைப் பார்க்கிறது. மதுரையில் பிறந்து, பம்ப் கம்பெனி வேலைக்காகக் கோவைக்கு வந்து, இங்கேயே தலை நரைத்தவன் என்பதால் இரண்டு கேள்விகளுக்கும் போதுமான அளவு பதில் சொல்லியாயிற்று. இப்போது ஓய்வு. "எப்பத்தாண்டா ஊருக்கு வரப்போற?" என்று அண்ணன் போனில் கேட்கிறார். பஸ்ஸில் ஏறினால் பல்லடம், தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் தாண்டி அரை நாளில் மதுரை. ஏறுவதற்குத்தான் யோசனையாக இருக்கிறது.

சாப்பாட்டை வைத்தோ வெயிலை வைத்தோ இந்த இரண்டு ஊர்களையும் ஒப்பிடுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் சிறுவாணித் தண்ணீரும் கோவைக்கு; ராத்திரி இரண்டு மணிக்கும் ஆவி பறக்கும் இட்லி மதுரைக்கு. அதெல்லாம் ஒரு வாரம் தங்கிப் போகிறவர்களின் கணக்கு. வாழ்கிறவனுக்கு வேறொரு கணக்கு இருக்கிறது. இந்த ஊர் என்னை ஞாபகம் வைத்திருக்குமா? வைத்திருந்தால் அது எனக்கு நல்லதா?

மதுரைக்கு ஞாபகம்தான் எல்லாம். கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று மாதங்களையே தெருவாகப் போட்டு வைத்திருக்கும் ஊர் அது. சித்திரைத் தேர் ஓடுவதோ மாசி வீதியில். மாசியில் நடந்த பெருவிழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார் என்பார்கள். முந்நூறு நானூறு வருஷம் ஆகியும் தெருவின் பெயர் பழைய மாதத்தை விடவில்லை. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டை மதிலை இடித்து ஊரை விரித்தார். அந்த வேலையை மேற்பார்த்த பெருமாள் மேஸ்திரிக்கும், அளந்து கொடுத்த மாரெட்டுக்கும் இன்றைக்கும் ஆளுக்கொரு தெரு உண்டு. கட்டியவனை ஞாபகம் வைத்துக்கொள்வது எந்த ஊரும் செய்வது. இடித்த மேஸ்திரியையும் சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்ள மதுரையால்தான் முடியும்.

போன முறை போயிருந்தபோது தெற்கு மாசி வீதிப் பக்கம் பருத்திப்பால் குடிக்க நின்றேன். பித்தளைப் பாத்திரத்திலிருந்து கொதிக்கக் கொதிக்க ஊற்றி, மேலே தேங்காய்த் துருவலைத் தூவிக் கொடுத்தார் வயதான கடைக்காரர். கருப்பட்டியின் கருமையும் சுக்கின் காரமும் தொண்டையில் இறங்கும்போதே என் முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க வாட்ச் கடைக்காரர் மகன்ல? மூத்தவரா, இளையவரா?" அப்பா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. அந்தக் கடையில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். "இளையவன்" என்றேன். "அவரு ஒரு நாள் பாக்கி வச்சதில்ல" என்று சொல்லி, காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். என் அப்பா சேர்த்து வைத்த மரியாதையில் நான் ஒரு டம்ளர் குடித்தேன். கோவையில் இத்தனை வருஷம் இருந்தும் எனக்கு இது நடந்ததில்லை. என் பிள்ளைக்கும் நடக்காது.

ஆனால் இதே ஞாபகம்தான் என் சித்தப்பாவை ஊரை விட்டு விரட்டியது. சீட்டு நடத்தி நொடித்துப்போனவர் அவர். நகை, வீடு எல்லாம் விற்று எல்லாருக்கும் திருப்பிக் கொடுத்தார். கொடுத்து முடித்த பிறகும் கல்யாணப் பந்தியில் அவர் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரர்கள் பேச்சை மாற்றிக்கொள்வார்கள். கடன் அடைந்துவிட்டது, ஆனால் கதை அடையவில்லை. நாற்பத்தைந்து வயதில் கோவைக்கு வந்து, கணபதியில் ஒரு தகர ஷெட்டில் லேத் பட்டறைக்காரர் முன்னால் நின்றார். கூட நான் போயிருந்தேன். பட்டறைக்காரர் ஊர், பேர், வந்த காரணம் எதுவும் கேட்கவில்லை. ஒரு ஷாஃப்டை எடுத்துக் கொடுத்து, "இதை டர்ன் பண்ணிக் காட்டுங்க" என்றார். சின்ன வயதில் மதுரையில் பழகிய தொழில்தான் சித்தப்பாவுக்கு. சக்கில் பிடித்து, டூலை நகர்த்தி, முதல் வெட்டு போட்டார். நீலம் பாய்ந்த இரும்புச் சீவல் சுருள் சுருளாகக் காலடியில் விழுந்தது. பட்டறைக்காரர் வெர்னியரை வைத்து மூன்று இடத்தில் அளந்தார். "அளவு சரியா இருக்குதுங்க. நாளைக்கு வந்துருங்க." அவ்வளவுதான் விசாரணை. சித்தப்பா அதன்பின் சாகும்வரை இங்கே "மேஸ்திரி"தான். சீட்டுக்காரர் என்று ஒருத்தர் சொல்லிக் கேட்டதில்லை.

கோவை இப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. இந்த ஊரைப் பெரிதாக்கியது பழம்பெருமை இல்லை, தொழில். 1888-இல் ஸ்டேன்ஸ் மில், 1930களில் பைக்காரா மின்சாரம், சுற்றிலும் பருத்தி விளையும் கரிசல். மின்சாரம் வந்ததும் மில்கள் வரிசையாக முளைத்தன. மில்லுக்கு உதிரி பாகம் செய்யப் பட்டறைகள் வந்தன, பட்டறையிலிருந்து மோட்டாரும் பம்பும் கிரைண்டரும் வந்தன. கலங்கல் கிராமத்திலிருந்து வந்த ஜி.டி.நாயுடு ஹோட்டலில் சர்வராக இருந்து காசு சேர்த்து மோட்டார் சைக்கிள் வாங்கியவர். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ் ஓட்டத் தொடங்கினார். இந்தியாவிலேயே தயாரான முதல் மின்மோட்டார் 1937-இல் அவரும் சேர்ந்த கூட்டு முயற்சியில் உருவானது என்பார்கள். சர்வராக இருந்தவன்தானே என்று ஊர் நினைத்திருந்தால் அவர் பஸ்ஸில் யார் ஏறியிருப்பார்கள்? இன்றைக்கும் பவுண்டரிகளில் பீகார், ஒடிசாப் பையன்கள் வார்ப்படம் ஊற்றுகிறார்கள். அவர்களிடமும் அதே கேள்விதான்: என்ன வேலை தெரியும்?

இரண்டு ஊர்களையும் இப்படி எதிரெதிராக நிறுத்துவதில் கொஞ்சம் கள்ளத்தனம் இருக்கிறது. ஹார்வி மில் சங்கு ஊதி எழுந்த மதுரையும் உண்டு, டி.வி.எஸ். 1911-இல் தொழில் தொடங்கியதும் மதுரையில்தான். கோவையிலும் மாசி மாதம் கோனியம்மன் தேர் ஓடுகிறது. வாடகைக்கு வீடு தேடிப் பாருங்கள், "என்னங்க பண்றீங்க"வுக்கு அடுத்த கேள்வி "நீங்க எந்தப் பக்கமுங்க?" என்று நைசாக வரும். பக்கம் என்றால் திசை இல்லை என்பது கேட்பவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். மதுரையின் "யாரு வீட்டுப் பிள்ளை"யும் பல சமயம் போய் நிற்கும் இடம் அதுவே. ஒவ்வொருவரும் யார் என்று ஊருக்கு அத்தனை துல்லியமாகத் தெரிந்திருந்ததால்தான், 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர், சாதியின் பேரால் வெளியே நிறுத்தப்பட்டிருந்த சிலரை மீனாட்சி கோயிலுக்குள் அழைத்துப் போனது அத்தனை பெரிய செய்தியானது. ஞாபகத்துக்கு இப்படியும் ஒரு விலை கொடுத்திருக்கிறார்கள்.

மறதிக்கும் விலை உண்டு. ஆர்.எஸ்.புரத்தில் காபி குடிக்கிறவர்களிடம் அந்த எழுத்துகள் யாருடைய பெயர் என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். ரத்தினசபாபதி முதலியார் என்று சொன்னவர்கள் குறைவு. லட்சுமி மில் என்பது இளைஞர்களுக்கு ஒரு பஸ் ஸ்டாப். இன்னும் கனமானதும் உண்டு. 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் சின்னியம்பாளையத்து மில் தொழிலாளிகள் நான்கு பேர் தூக்கிலிடப்பட்டார்கள். தொழிற்சங்கத் தோழர்கள் வருஷா வருஷம் நினைவுநாள் கூடுகிறார்கள். அவினாசி ரோட்டில் சின்னியம்பாளையத்தைத் தாண்டிப் பறக்கும் கார்களில் எத்தனை பேருக்கு அந்த நான்கு பெயர்கள் தெரியும்? தொழிலாளியால் வளர்ந்த ஊர் தொழிலாளியை மறந்ததை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஓய்வு பெற்றதும் இந்த மறதி என் பக்கமும் திரும்பியது. "என்னங்க பண்றீங்க?" என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாமல் போனது. "ரிடயர்டுங்க" என்றால், "அப்படிங்களா, நல்லதுங்க" என்று மரியாதை குறையாமல் நகர்ந்துவிடுகிறார்கள். வேலையில்லாதவன் தெருமுனையில் நின்றால் கோவை கூச்சப்படும். அவனுக்காக அது கூச்சப்படும் என்பதுதான் சங்கடம். மதுரையில் ஒன்றும் செய்யாமல் நிற்பதற்கு இடம் இருக்கிறது. டீக்கடை வாசல், சித்திரை வீதிக் கல்பெஞ்சு, தெரிந்தவர் கடை ஸ்டூல் என்று எங்கேயாவது உட்காரலாம். செத்தால் தெருவே வரும். இங்கே அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் கைகூப்பும் பொம்மைகள் வரும்.

அப்படியானால் கிளம்ப வேண்டியதுதானே என்பார் அண்ணன். நான் கிளம்பப் போவதில்லை. மதுரை ஞாபகம் வைத்திருப்பது வாட்ச் கடைக்காரரின் இளைய மகனை. அந்தப் பையன் என்ன படித்தான், எதைக் கண்டு பயந்தான், யாரைக் கட்டினான் என்று ஊருக்குத் தெரியும். அறுபது வயதில் மறுபடி அந்தப் பையனாக இருக்க என்னால் முடியாது. அப்பாவின் பெயருக்குக் கிடைத்த பருத்திப்பாலை வருஷம் ஒரு முறை குடிக்கலாம், தினமும் குடித்தால் கடன். இருபத்தி சொச்சம் வயதில் இங்கே யாருக்கும் என்னைத் தெரியவில்லையே என்று அழுகை வந்தது. இப்போது அதுவே சௌகரியமாக இருக்கிறது.

என் வயதுக்காரர்கள் சிலர் ஊர் திரும்ப வீடு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். அழகர் ஆற்றில் இறங்கும் சித்திரையில் மதுரைக்குப் போய் முடிவெடுக்காதீர்கள். வைகை அணையைத் திறந்துவிட்டிருப்பார்கள், ஊரே பூத்திருக்கும், யாருக்கும் புத்தி தெளிவாக இருக்காது. ஐப்பசி மழையில் தெரு சகதியாகக் கிடக்கும்போது ஒரு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட அந்தத் தெருவில் எத்தனை பேர் மிச்சம் இருக்கிறார்கள், அவர்கள் கூப்பிடும் அந்தப் பேர் இன்னும் உங்களுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.