சமமாய்ப் பகிர்வது நீதியாகுமா?

சில ஆண்டுகளுக்கு முன், தவக்காலத்து மாலை ஒன்றில் திருப்பலி முடித்துப் பங்கு இல்லத்துக்குத் திரும்பியபோது, திண்ணையில் கல்லூரி மாணவர்கள் நால்வர் காத்திருந்தனர். காட்சித் தொடர்பியல் பயிலும் இறுதியாண்டு மாணவர்கள் அவர்கள். நால்வருள் ஒரு மாணவி மட்டும் எங்கள் பங்கைச் சேர்ந்தவள். அவர்களது குழுவில் ஐந்தாவதாக ஒரு மாணவனும் உண்டு. அவனும் எங்கள் பங்குதான். அன்று அவன் வரவில்லை. அவனைப் பற்றிப் பேசத்தான் மற்றவர்கள் வந்திருந்தார்கள்.

ஐவரும் சேர்ந்து தேர்வுக்காக ஒரு குறும்படம் எடுத்திருந்தார்கள். உப்பளத்தில் கூலி வேலை செய்யும் தாய் ஒருத்தியின் ஒரு நாளைக் காட்டும் 12 நிமிடப் படம். ஒருவன் இயக்கினான், ஒருவன் ஒளிப்பதிவு செய்தான், ஒருத்தி படத்தைத் தொகுத்தாள், எங்கள் பங்கு மாணவி ஒலிப்பதிவைக் கவனித்தாள். அனுமதி வாங்குவது, வண்டி அமர்த்துவது, உணவு கொண்டுவருவது ஆகிய தயாரிப்பு வேலைகள் ஐந்தாமவனிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தன. அவன் முதல் இரண்டு நாள் வந்தான், பிறகு வரவில்லை. அவன் சுமையையும் மற்ற நால்வரே சுமந்தார்கள்.

படம் முடிந்தது. அதற்கு ஆசிரியர்கள் ஒரு மதிப்பெண் தருவார்கள். ஆனால் அந்த மதிப்பெண்ணை ஐவரிடையே எவ்வாறு பகிர்வது என்பதற்கு மாணவர்களையே சாட்சி கேட்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் தனித்தனியே ஒரு தாளில் 100 புள்ளிகளை ஐவருக்கும் பகிர்ந்து எழுத வேண்டும். ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் அவர் செய்த பணியை ஒரு வரியில் குறிக்க வேண்டும்.

"உண்மையை எழுதினால் அவன் தேர்வில் தவறிவிடுவான், ஃபாதர். மாற்றி எழுதினால் நாங்கள் பொய்யர்கள் ஆவோம். என்ன செய்வது?" என்று இயக்கிய மாணவன் கேட்டான்.

நான் அதிகம் யோசிக்கவில்லை. குறையற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவரே இடம் கொடுத்திருப்பதை நினைவூட்டினேன். திராட்சைத் தோட்ட வேலையாள்களின் உவமையையும் சொன்னேன். விடியலில் வந்தவனுக்கும் பொழுது சாயும் வேளையில் வந்தவனுக்கும் தோட்ட உரிமையாளர் ஒரே கூலி கொடுக்கவில்லையா? "ஆளுக்கு 20 என்று எழுதிவிடுங்கள். மதிப்பெண்ணுக்காக நட்பை முறித்துக்கொள்ளாதீர்கள்" என்றேன். அவர்கள் மகிழ்ச்சியோடு எழுந்து போனார்கள். ஒலிப்பதிவு செய்த பெண் மட்டும் ஒன்றும் சொல்லாமல் போனதை நான் அப்போது பொருட்படுத்தவில்லை. நல்ல தீர்ப்பு ஒன்றை வழங்கிய நிறைவோடு செபமாலையைக் கையில் எடுத்தேன்.

அது நல்ல தீர்ப்பன்று என்பதை இருவர் எனக்கு உணர்த்தினார்கள்.

முதலாவது, அந்தப் பெண். தேர்வு முடிவுகள் வந்த பின் ஒருநாள் வந்தாள். "மார்க்கைப் பற்றி எனக்கு வருத்தமில்லை, ஃபாதர். எல்லாருக்கும் ஒரே எண் போட்டதால் எல்லாருக்கும் ஒரே வரியை எழுத வேண்டியதாயிற்று. 'நன்றாக ஒத்துழைத்தார்' என்று ஐந்து பேருக்கும் எழுதினோம். பகலில் கடற்காற்று ஒலிவாங்கியில் மோதி இரையும். காற்று எழும் முன்னே, பலகையால் உப்பு வாரும் ஓசையைப் பிடிப்பதற்காக 11 விடியற்காலை உப்பளத்தில் நின்றேன். அது எந்தத் தாளிலும் இல்லை" என்றாள். அவள் கண்கள் கலங்கவில்லை. என் மனம்தான் கலங்கியது.

இரண்டாவது, வராமற்போன அந்த மாணவன். பாஸ்கா காலத்தில் வீடு மந்திரிக்கச் சென்றபோது அவனைப் பார்த்தேன். தந்தை கீழே விழுந்து கால் முறிந்து படுத்திருந்தார். மகன் இரவெல்லாம் ஐஸ் கம்பெனியில் கட்டி ஏற்றிவிட்டுப் பகலில் உறங்கியிருக்கிறான். என் பங்கில், கோவிலிலிருந்து நான்கு தெரு தள்ளி நடந்தது இது, எனக்குத் தெரியாது. வாசல்வரை வந்து வழியனுப்பியவன் மெல்லச் சொன்னான்: "எல்லாரும் எனக்கு 20 போட்டார்கள், ஃபாதர். ஏன் வரவில்லை என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டுவிட்டு 5 போட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்."

அன்புள்ள வாசகர்களே, அந்த வாசலில் நான் நின்ற நிலையை எண்ணிப் பாருங்கள். உழைத்தவளுக்கு நான் தீங்கு செய்தேன் என்பது ஒருபுறம். யாரைக் காப்பாற்றுவதாக எண்ணினேனோ, அவனுக்கும் அல்லவா தீங்கு செய்திருக்கிறேன்! 20 என்ற அந்த எண், அவன் வீட்டுக் கதவைத் தட்டும் கடமையிலிருந்து எங்கள் எல்லாரையும் விடுவித்துவிட்டது. இரக்கம் என்று நான் பெயரிட்டது உண்மையில் இரக்கம் காட்டும் சிரமத்தைத் தவிர்க்கும் வழியாக இருந்தது.

திரைப்படம் பலர் கூடிச் செய்யும் கலை. ஆயினும் பெயர் என்னவோ பெரும்பாலும் ஒருவருக்கே போகிறது. 1954-இல் பிரான்சு நாட்டில் பிரான்சுவா துரூஃபோ என்னும் இளம் விமர்சகர் எழுதிய கட்டுரை ஒன்று, இயக்குநரே படத்தின் ஆசிரியர் என்ற கொள்கைக்கு வலுவூட்டியது. அவரைத் தந்தைபோல் வளர்த்தவரும் கத்தோலிக்கருமான ஆந்திரே பாசான், அந்தக் கொள்கை தனிமனித வழிபாடாக மாறிவிடக் கூடாது என்று 1957-இல் எச்சரித்தார். போலந்து நாட்டின் கீஸ்லோவ்ஸ்கி, பத்துக் கட்டளைகளை முன்வைத்து 1980களின் இறுதியில் 10 படங்கள் கொண்ட தொடர் ஒன்றை எடுத்தார். 1995-இல் வத்திக்கான் வெளியிட்ட சிறந்த திரைப்படங்களின் பட்டியலில் அது இடம்பெற்றது. அத்தொடரைக் கீஸ்லோவ்ஸ்கியின் படைப்பு என்றே உலகம் அறியும். அவருடன் சேர்ந்து கதை எழுதியவர் ஒரு வழக்கறிஞர் என்பதையும், 10 படங்களுக்கும் 9 ஒளிப்பதிவாளர்கள் உழைத்தார்கள் என்பதையும் எத்தனை பேர் அறிவோம்?

பெயர் மறையும்போது உழைப்பும் தளர்கிறது. நம் ஊர்களில் திருவிழாத் தேரின் வடத்தை நூறு கைகள் பற்றியிருக்கும். நூறும் இழுக்கின்றனவா என்பது தேருக்குத்தான் தெரியும். மேக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் இதை அளந்தே பார்த்தார். கயிறு இழுக்கச் செய்து அவர் நடத்திய சோதனைகளின் முடிவுகள் 1913-இல் வெளியாயின. 8 பேர் சேர்ந்து இழுத்தபோது, தனியாக இழுக்கையில் ஒவ்வொருவரும் காட்டிய வலிமையில் ஏறத்தாழப் பாதியே வெளிப்பட்டது. இழுவை ஒருங்கிணையாதது ஒரு காரணம். அடுத்தவர் இழுப்பார் என்ற எண்ணம் மற்றொரு காரணம் என்று பின்வந்த ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஒவ்வொருவர் முயற்சியும் தனியே அடையாளம் காணப்படும் என்று தெரிந்தபோது இந்தத் தளர்ச்சி நீங்கியதாக 1981-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று கூறியது. தன் உழைப்பை யாரேனும் பார்க்க வேண்டும் என்று மனிதன் விரும்புவது வீண்பெருமை மட்டுமன்று. அது அவனது இயல்பு.

குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற நாள்களில், பங்கீட்டு நீதி பற்றிய பாடம் எனக்குக் கணக்குப்போல் தோன்றியதுண்டு. அரிஸ்டாட்டில் வழியில் நின்று புனித அக்குவினா தோமா விளக்குகிறார்: பொதுவில் உள்ளதைப் பகிரும்போது நீதி என்பது எல்லாருக்கும் ஒரே அளவு கொடுப்பதன்று, அவரவர்க்கு உரிய விகிதத்தில் கொடுப்பது. அதற்கு எதிரான குற்றத்தை அவர் 'ஆள் பார்த்தல்' என்கிறார். கற்பிக்கும் பதவியை ஒருவருடைய அறிவைப் பார்த்துக் கொடுப்பது நீதி. அவர் இன்னார் என்பதற்காகவே கொடுப்பது ஆள் பார்த்தல். நம் தமிழில் இதற்கு முகத்தாட்சணியம் என்று அழகான சொல் இருக்கிறது. நண்பன் முகத்தைப் பார்த்து எண்ணை மாற்றுகிறோம். ஆனால் ஒருவர் முகத்தைப் பார்க்கும் கண்கள், அருகிலேயே நிற்கும் இன்னொருவர் முகத்தைப் பார்க்கத் தவறிவிடுகின்றன.

அப்படியானால் திராட்சைத் தோட்டத்து உவமை என்னாவது? அதை நான் மீண்டும் வாசித்தேன். பலமுறை மறையுரை ஆற்றிய பகுதியில் இரண்டு செய்திகளைக் கவனியாமல் விட்டிருந்தேன். ஒன்று, அந்த உரிமையாளர் தம் சொந்தப் பணத்திலிருந்து கொடுத்தார். முந்தி வந்தவரின் கூலியில் கைவைத்துப் பிந்தி வந்தவருக்கு ஈயவில்லை. பேசிய கூலி அவருக்கு முழுமையாகக் கிடைத்தது. ஆனால் என் மாணவர்களிடம் இருந்தவை மொத்தம் 100 புள்ளிகள். ஒருவனுக்கு அளந்த தாராளம், விடியலில் நின்ற ஒருத்தியின் மடியிலிருந்து எடுக்கப்பட்டது. பிறர் பணப்பையிலிருந்து செய்யும் தர்மம் தர்மமாகுமா?

இரண்டாவது, அந்த உரிமையாளர் எல்லாரும் விடியலிலேயே வந்ததாகப் பாவனை செய்யவில்லை. யார் எப்போது வந்தார் என்பது எல்லார்க்கும் தெரிந்தே இருந்தது. அதுமட்டுமன்று, கடைசியாய் வந்தவர்களிடம் நாள் முழுவதும் ஏன் சும்மா நின்றீர்கள் என்று அவர் கேட்டார். தங்களை வேலைக்கு அழைப்பார் இல்லை என்ற பதிலையும் கேட்டுக்கொண்டார். கேள்வி முதலில், கொடை பிறகு. நானோ கேள்வியை விழுங்கிவிட்டுக் கொடையை மட்டும் வாரி வழங்கச் சொன்னேன். வள்ளுவரையும் பாதியாகவே பின்பற்றினேன். நன்மை குறையற்றதாய் இருக்க வேண்டும் என்று அவர் வைத்த நிபந்தனையை ஒலிப்பதிவு செய்த பெண்ணிடம் கேட்டுச் சரிபார்த்திருக்க வேண்டும்.

இதனால் கண்டிப்பே நீதி என்று நான் சொல்ல வரவில்லை. கீஸ்லோவ்ஸ்கியின் அத்தொடரில் எட்டாவது படம் பொய்ச்சான்று பற்றியது. 1943-இல் வார்சா நகரில் ஒரு யூதச் சிறுமியைக் காப்பாற்றப் பொய்யான திருமுழுக்குச் சான்று தேவைப்படுகிறது. பொய்ச்சான்று சொல்லலாகாது என்று காரணம் காட்டி அச்சிறுமி திருப்பி அனுப்பப்படுகிறாள். அப்படி அனுப்பியவர்களுள் ஒரு பெண்மணி பின்னாளில் அறவியல் பேராசிரியர் ஆகிறார். உண்மையைக் கேடயமாகப் பிடித்து இரக்கத்தை மறுப்பதும் மனிதருக்குக் கைவந்த கலையே. உயிர் போகும் வேளையையும் மதிப்பெண் தாளையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனால் இரண்டு இடங்களிலும் கேட்கத் தக்க கேள்வி ஒன்றே: என் சொல்லால் நான் காப்பது அந்த மனிதரையா, என்னையா?

ஓராண்டு கழித்து இன்னொரு மாணவர் குழு அதே திண்ணைக்கு வந்தது, அதே தாளுடன். இந்த முறை நான் எண் எதுவும் சொல்லவில்லை. "வராதவனை முதலில் போய்ப் பாருங்கள். எழுதப் போவதை அவன் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். அவன் சொல்வதையும் கேளுங்கள். எண்ணை எழுதும் முன் அந்த ஒரு வரியை எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் வேறு வேறாக, உள்ளபடியே எழுதுங்கள். அதன் பிறகும் அவனுக்கு உதவ மனம் வந்தால், உங்கள் பங்கிலிருந்து கொடுங்கள், கொடுத்ததைக் கொடுத்ததாகவே ஆசிரியரிடம் சொல்லுங்கள்" என்றேன். அவர்கள் முதல் குழுவைப்போல மகிழ்ந்து எழவில்லை. நெடுநேரம் வாதாடினார்கள், ஒருத்தி அழுதாள். இறுதியில் என்ன எழுதினார்கள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அன்றிரவே அவர்கள் மூவராக இருசக்கர வண்டியில் வராதவன் வீட்டை நோக்கிப் போனதைப் பார்த்தேன். மூவர் ஏறியது குற்றம்தான். அன்று கண்டிக்க எனக்கு மனம் வரவில்லை.

மாணவர்களை விட்டு நம்மிடம் வருவோம். பங்குத் திருவிழா முடிந்ததும் நன்றி அறிவிப்பு வாசிக்கிறோம். தொகை கொடுத்தோர் பெயர்கள் வரிசையாய் வருகின்றன. பத்து நாளும் கோவிலைக் கூட்டிய கைகள் 'மற்றும் அனைவருக்கும்' என்ற சொற்களுக்குள் அடங்கிவிடுகின்றன. எங்கள் பங்கு மண்டபத்தின் கல்வெட்டில் என் பெயர் செதுக்கப்பட்டிருக்கிறது. நான் ஒரு செங்கல்லும் எடுத்து வைத்ததில்லை. வீட்டில் தாயின் உழைப்புக்கும், அலுவலகத்தில் கடைநிலை ஊழியரின் உழைப்புக்கும் நாம் எழுதும் வரி எது? 'நன்றாக ஒத்துழைத்தார்' என்பதுதானா? பிறரது உழைப்பை உள்ளபடி சொல்வதும் ஒரு சான்று பகர்தலே. அதை மறைப்பதும் ஒருவகைப் பொய்ச்சான்றே.

அந்த 12 நிமிடப் படத்தைப் பின்னர் எங்கள் மண்டபத்தில் திரையிட்டோம். உப்பு வாரும் ஓசை இருளில் எழுந்தபோது, முன்வரிசையில் அமர்ந்திருந்த உப்பளத் தாய்மார் சிலர் தலை நிமிர்ந்து பார்த்தார்கள். படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் கூட்டம் எழுந்துவிட்டது. யாரோ விளக்கைப் போட்டார்கள். அவள் பெயர் வெளிச்சத்தில் கரைந்து போனது. அன்றுமுதல் எங்கள் மண்டபத்தில் ஒரு சிறிய ஒழுங்கு இருக்கிறது: கடைசிப் பெயர் மறையும்வரை விளக்கைப் போடுவதில்லை.